தலைக்கு மேல் நடந்தவர்கள்

சும்மா சொல்லக் கூடாது, வீடு அழகுதான். லாரியை வாசலில் நிறுத்திவிட்டு டெல்மாவும் அவள் தம்பி அமோஸும் இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள். நூற்று இருபது மரத்தூண்களின் மேல் தூக்கி நிறுத்திய மர வீடு. நாலு பக்கமும் அகலமான வராந்தா. ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் காற்றோட்டத்துக்காகப் பூ வெட்டிய மரச் சல்லடை. மெக்கே ஊர்ப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டிய கரும்புத் தோட்ட வீடுகளில் இவ்வளவு பெரியது வேறு மிஞ்சவில்லை. முன்பக்கம் வீட்டுக்கு அடியில் ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். பின்பக்கம் நிலம் மேடு. போகப் போக இடம் ஒடுங்கி, கடைசியில் இரண்டரை அடிதான் இருந்தது. அங்கே ஊர்ந்துதான் போக வேண்டும்.

"பின்மூலை சாஞ்சிருக்கு பாரு," என்றாள் டெல்மா.

"உன் வயசுக்கு வந்தா எல்லாமே சாயும்க்கா."

"வாயை மூடிக்கிட்டு ஜாக்கியை இறக்குடா."

சாய்ந்த வீட்டை நிமிர்த்துவதுதான் இவர்கள் தொழில். அமோஸ் அடியில் போய் உத்தரத்துக்கு ஜாக்கி கொடுப்பான். டெல்மா மேலே மட்டக்கருவியோடு அறை அறையாக நடந்து, "கால் இஞ்ச் தூக்கு, நிறுத்து" என்று வாக்கி டாக்கியில் சொல்வாள். எந்த இடம் என்று காட்ட, பூட்ஸ் குதிகாலால் தரையில் மூன்று தட்டுத் தட்டுவாள். கீழே இருப்பவன் சத்தத்தை வைத்து அங்கே ஊர்ந்து வருவான். இருபது வருஷமாக இப்படித்தான்.

அவர்கள் அப்பா காலத்தில் இப்படி இல்லை. மேலேயும் ஆண், கீழேயும் ஆண். அவருடைய தாத்தாவை வெள்ளைக்காரர்கள் கடலுக்கு அப்பால் மலைட்டாத் தீவிலிருந்து ஏமாற்றிக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இதே மண்ணில் கரும்பு வெட்ட விட்டார்கள். அந்தத் தீவில் ஆண் தலைக்கு மேல் பெண் நடக்கவே கூடாது. நடந்துவிட்டால் அவனுடைய முன்னோர்கள் அவனைக் கைவிட்டுவிடுவார்கள், செத்த பிறகும் போக்கிடம் கிடையாது. அபு, அதாவது ஆகாது. அப்பா அடுப்பைத் தொட்டாலும் அபு என்பார், அடுத்த வீட்டு மாம்பழத்தைப் பறித்தாலும் அபு என்பார். அம்மா மேலே இருக்கும்போது வீட்டுக்கு அடியில் நிற்கவே மாட்டார். அவர் போன பிறகு, முதுகு பலம் தம்பிக்கு, கண் கூர்மை அக்காவுக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பழைய கதையெல்லாம் யார் பார்த்தது என்று டெல்மாதான் சொன்னாள்.

வாசலில் மிஸஸ் கார்லைல் காத்திருந்தாள். எழுபது வயது, வெள்ளை லினன் உடை, முத்துத் தோடு. வீட்டைக் கட்டிய கேப்டனின் கொள்ளுப்பேத்தி. இப்போது வீட்டைக் காட்சிக்குத் திறக்கப்போகிற கமிட்டிக்கு அவள்தான் செயலாளர்.

"வாம்மா டெல்மா. முதல்ல இதைப் பாரு, நேத்துதான் மாட்டினோம்," என்று கூடத்துக்கு அழைத்துப் போனாள்.

பளபளவென்று ஒரு பலகை. 'இந்த வீட்டில் வாழ்ந்தவர்கள்' என்று தலைப்பு. கேப்டன், அவர் மனைவி அடிலெய்ட், ஐந்து பிள்ளைகள், பாடம் சொல்லித்தர வந்த ஆசிரியை, கேப்டனின் குதிரை, முப்பது வருஷம் வாழ்ந்த ஒரு வெள்ளைக் கிளி.

டெல்மா இரண்டு தடவை படித்தாள்.

"கிளிக்கெல்லாம் பேர் போட்டிருக்கீங்க. கரும்பு வெட்டினவங்க, இந்தத் தூணைத் தோள்ல சுமந்தவங்க, சமையல் பண்ணவங்க, அவங்க எங்க?"

"அவங்க இங்க வாழலியேம்மா. வேலைக்குத்தானே வந்தாங்க."

டெல்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பதில் நாக்கு நுனிவரை வந்தது. வேலையை முடித்துக்கொண்டு கிளம்புவோம், இந்தக் கிழவியிடம் என்ன பேச்சு என்று முழுங்கிக்கொண்டாள். அன்றைக்கு முழுங்கியதை நினைத்து இன்றைக்கும் அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள்.

முன்பக்க அறைகள் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. பதினொரு மணிக்குள் கூடமும் சாப்பாட்டு அறையும் மட்டமாகிவிட்டன. மிச்சம் பின்மூலை அறை ஒன்றுதான். அது அடிலெய்டின் படுக்கையறை. பெரிய இரும்புக் கட்டில், வெள்ளைக் கொசுவலை, கட்டிலை ஒட்டி வராந்தாப் பக்கம் தாழ்வான ஜன்னல். கதவைத் திறந்தபோதே ஒரு வாடை வந்தது. ஈர மண்ணும் பழைய வேர்வையும் கலந்த வாடை. வெளியே முப்பத்தைந்து டிகிரி வெயில் கொளுத்த, அந்தத் தரை மட்டும் பூட்ஸுக்குள்ளேயும் சில்லென்றிருந்தது.

டெல்மா மட்டக்கருவியை வைத்தாள். ஒரு இஞ்ச் இறக்கம். இரண்டடி நடந்து திரும்பிப் பார்த்தாள். ஒன்றேகால்.

மறுபடி வைத்தாள். ஒன்றரை.

"டேய், கீழ ஏதாவது கைய வச்சியா?"

"நான் இன்னும் அங்க வரவே இல்லக்கா. இடம் காட்டு."

குதிகாலால் மூன்று தட்டுத் தட்டினாள்.

கீழே யாரோ முனகினார்கள்.

"என்னடா, தொந்தி உத்தரத்துல மாட்டிக்கிச்சா?"

வாக்கி டாக்கி கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு அமோஸ் பேசினான். "சத்தம் போட்டது நான் இல்லக்கா. நான் இன்னும் மூணு தூண் தள்ளி இருக்கேன்." மூச்சு வாங்கியது. "இந்தா வந்துட்டேன். இந்தத் தூணுல ஒரு இரும்பு வளையம் அடிச்சிருக்கு. சங்கிலி ஒரசி ஒரசி மரம் கையளவு குழிஞ்சு போயிருக்கு. மாடு கட்டினாங்களா?"

"ரெண்டரை அடி ஒசரத்துல எவன்டா மாடு கட்டுவான்?"

"அதானே. இரு, ஜாக்கி குடுக்கறேன். சரியான இடம் எது, தட்டு."

தட்டினாள். மூன்று தட்டு, ஓங்கித்தான் தட்டினாள்.

அமோஸ் அலறினான்.

"தட்டாதக்கா! நெஞ்சுல மிதிக்கிற மாதிரி இருக்கு!"

தம்பி விளையாட்டுக்கு எதையும் செய்வான். ஆனால் அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. டெல்மா நின்ற இடத்தில் அப்படியே நின்றாள். மிஸஸ் கார்லைல் எப்போது உள்ளே வந்தாளோ, கட்டில் ஓரமாகச் சொகுசாக உட்கார்ந்து மடியில் ஒரு தோல் அட்டை டைரியை விரித்து வைத்திருந்தாள்.

"இந்த அறைல வைக்கறதுக்கு ஒரு சுவாரசியமான பகுதி எடுத்திருக்கேன். எங்க கொள்ளுப்பாட்டி எழுதினது. கேளேன்." மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். "'புதிதாக வந்த தீவுக்காரன் பிடிவாதக்காரன். பெயர் வாயில் நுழையாததால், வந்த கிழமையை வைத்து மண்டே என்று வைத்திருக்கிறோம். இவர்களுக்குச் சவுக்கு உறைப்பதில்லை. பெண்கள் தலைக்கு மேல் நடந்தால்தான் பயம் என்று தெரிந்துகொண்டேன். என் அறைக்கு நேர் கீழே கட்டிப்போடச் சொன்னேன். நானும் என் பெண்களும் நல்ல குதிகால் வைத்த செருப்புப் போட்டுக்கொண்டு காலையும் மாலையும் நடக்கிறோம். குழந்தை போல அழுகிறான். சின்னவள் ஸ்கிப்பிங் ஆடினாள், ஒரே சிரிப்பு.'" மிஸஸ் கார்லைல் நிமிர்ந்து புன்னகைத்தாள். "அந்தக் காலத்து ஆளுங்க வேடிக்கைதான், இல்ல?"



"அப்புறம்?" என்றாள் டெல்மா.

"என்னம்மா?"

"அப்புறம் அவர் என்ன ஆனாரு? அடுத்த பக்கம் படிங்க."

மிஸஸ் கார்லைல் பக்கத்தைப் புரட்டினாள். புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. "'பதிமூன்றாம் நாள் மண்டே எழுந்திருக்கவில்லை. வெயில் காலத்தில் நாற்றம் வரும் என்பதால் அங்கேயே...'" அதோடு நிறுத்திவிட்டாள்.

"அங்கேயே?"

"இதை நாங்க பலகைல போடலியே," என்றாள் மிஸஸ் கார்லைல் மெல்ல.

  வேடிக்கையாம்! ஒரு மனிதனை, தாய் வைத்த பெயரோடு வந்தவனை, செத்த பிறகும் ஊர் போய்ச் சேர முடியாதபடி மிதித்துக் கொன்றுவிட்டு, அதைச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். டைரியைப் பிடுங்கி அந்தக் கிழவி முகத்தில் எறியத்தான் டெல்மா ஓரடி எடுத்து வைத்தாள்.

கீழேயிருந்து அமோஸ் மறுபடி அலறினான். இந்தத் தடவை வாக்கி டாக்கியில் வரவில்லை. நேராகப் பலகை வழியாகவே வந்தது.

"ஜாக்கி இறங்குதுக்கா! உத்தரம் கழண்டு நெஞ்சு மேல! நகர முடியல!"

"கைப்பிடியைத் திருப்புடா!"

"திரும்ப மாட்டேங்குது! நீ நகராத! நகர நகர இறங்குது!"

டெல்மா மெல்லக் குனிந்து தரையில் காதை வைத்தாள்.

பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு விரல்கடைத் தூரத்தில், யாரோ மூச்சு விட்டார்கள்.

அமோஸ் இரண்டடி கீழே கிடந்தான். இது அவன் மூச்சு இல்லை. பலகையில் வாயை வைத்து விடுகிற மூச்சு. கன்னத்தில் ஈரம் பட்டது.

"அபு," என்றது அது.

குரலே இல்லை, காற்றுத்தான். கெஞ்சலும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற ஆத்திரம்.

"அபு. அபு. அபு."

 என்ன காரியம் செய்துவிட்டோம்! இருபது வருஷமாகத் தம்பி தலைக்கு மேல் நடக்கிற கால், இன்றைக்கு வேறு ஒருவர் தலைமேலும் மிதித்திருக்கிறது. இன்னார் என்று தெரியாமல், நம் ஆளையே, குதிகாலால், மூன்று மூன்று தட்டு.

"மன்னிச்சிருங்க பெரியவரே," என்று பலகையில் வாயை வைத்துச் சொன்னாள். "தெரியாம மிதிச்சுட்டேன். நானும் மலைட்டாக்காரிதான். கீழ இருக்கறது என் தம்பி. விட்டுருங்க."

மூச்சு நின்றது.

பலகை அவள் முகத்தில் அறைந்தாற்போல் ஒரு துள்ளுத் துள்ளியது. மூக்கில் ரத்தம் வந்தது. மலைட்டாக்காரியாவது மண்ணாவது. அவருக்கு அவளும் தலைக்கு மேல் நிற்கிற இன்னொரு பொம்பளை.

"மிஸஸ் கார்லைல், உடனே இறங்கணும். தரையில காலே வைக்கக் கூடாது. ஜன்னல் வழியா வராந்தாவுக்குப் போயிருவோம்."

"நான் எதுக்கும்மா இறங்கணும்? இது எங்க வீடு. உன் தம்பி ஜாக்கியைச் சரியா வைக்கலேன்னா..." என்று எழுந்து இரண்டடி எடுத்து வைத்தாள். அவள் போட்டிருந்தது குதிகால் செருப்பு. டக், டக்.

கீழே அமோஸின் குரல் பாதியில் நின்றது.

டெல்மா அதற்கு மேல் பேசவில்லை. ஒரே தாவில் கட்டிலுக்குப் போய், அந்த எழுபது வயசுக்காரியை இடுப்போடு சேர்த்துத் தூக்கிக் கொசுவலையைக் கிழித்துக்கொண்டு கட்டில்மேல் போட்டாள். தானும் ஏறி, அவளை உருட்டி ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள். மிஸஸ் கார்லைல், "போலீஸைக் கூப்பிடுவேன்!" என்று கத்தினாள்.

"கூப்பிடுங்க. முதல்ல கீழ வாங்க."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கி வீட்டுக்கு அடியில் நுழைந்தாள். வெளியே உச்சி வெயில், உள்ளே தூண்களின் நிழல். நிமிர்ந்து நடந்தார்கள், குனிந்து நடந்தார்கள், பிறகு ஊர்ந்தார்கள். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் அமோஸ் மல்லாந்து கிடந்தான். உத்தரம் அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. உதடு நீலமாகிவிட்டது. கண் மட்டும் அக்காவைப் பார்த்தது.

டெல்மா ஜாக்கிக் கைப்பிடியைத் திருப்பினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினாள். அசையவில்லை. மேலே யாருமே இல்லை, இரண்டு பேரும் இறங்கியாயிற்று. இன்னும் என்ன வேண்டும் இந்த மனுஷனுக்கு?

பிறகு அவளுக்குப் புரிந்தது. இறங்கினால் மட்டும் போதாது.

"படுங்க," என்றாள் மிஸஸ் கார்லைலிடம்.

"என்ன?"

"வளையம் இருக்கு பாருங்க, அந்தத் தூணுக்குப் பக்கத்துல. மல்லாந்து படுங்க. நானும் படுக்கறேன்."

"டெல்மா, எனக்கு மூச்சு முட்டுது. நான் என்ன பண்ணினேன்? நான் பொறக்கறதுக்கு எவ்வளவோ வருஷம் முந்தி..."

"வேடிக்கைன்னு சிரிச்சீங்களே! உங்க பாட்டி மிதிச்சா, நீங்க அதுக்குக் கண்ணாடி போட்டு மாட்டறீங்க. உங்க வீட்டுச் சிரிப்புக்கு என் தம்பி சாகணுமா? படுங்கன்னா!"

மிஸஸ் கார்லைல் அமோஸைப் பார்த்தாள். அந்த நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்தாள். ஒன்று சொல்ல வேண்டும், அவள் கல் நெஞ்சக்காரி இல்லை. வெள்ளை லினனோடு அந்த ஈர மண்ணில் மெதுவாக முதுகைச் சாய்த்தாள். டெல்மாவும் அவளை ஒட்டிப் படுத்தாள். முகத்துக்கு மேலே இரண்டடியில் பலகைகள். இடுக்கு இடுக்காக அறையின் வெளிச்சம்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு இடுக்கில் வெளிச்சம் மறைந்தது.

அடுத்த இடுக்கிலும் மறைந்தது.

மேலே யாரோ நடந்தார்கள்.

செருப்புச் சத்தம் இல்லை. வெறுங்கால். கனமான, ஒட்டி ஒட்டி எடுக்கிற பாதம். வெகுநாள் கட்டிக் கிடந்த கால் முதல் அடி எடுத்து வைப்பதுபோல ஒன்று வைத்து, நின்று, இன்னொன்று வைத்தது. ஒவ்வோர் அடிக்கும் உத்தரம் ஒரு நூல் உயர்ந்தது. ஜாக்கியை யாரும் தொடவில்லை. மிஸஸ் கார்லைல் டெல்மாவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா அது?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

"பேசாதீங்க."

பாதங்கள் அவர்கள் முகத்துக்கு நேர் மேலே வந்து நின்றன. பலகை வளைந்தது. இடுக்கிலிருந்து மண் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. அந்த நேரம் எவ்வளவு என்று டெல்மாவால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. தன் தலைமேல் ஒருத்தர் வேண்டுமென்றே நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கேவலமாக இருந்தது. அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. இதைப் பதிமூன்று நாள் ஒருத்தர் தாங்கியிருக்கிறார்.

பாதங்கள் நகர்ந்தன. இரும்புக் கட்டில் பெரும் பாரம் ஏறியதுபோலக் கிறீச்சிட்டது. ஒரு நீண்ட பெருமூச்சு. அதன்பின் சத்தமே இல்லை.

உத்தரம் அமோஸின் நெஞ்சைவிட்டு அரையடி மேலே நின்றது. டெல்மா அவன் கால்களைப் பிடித்து வெயிலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் தெளித்ததும் இருமினான், கெட்ட வார்த்தை சொன்னான். தம்பி பிழைத்துவிட்டான் என்று அந்த வார்த்தையிலிருந்துதான் அவளுக்குத் தெரிந்தது. டெல்மா அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்தாள். நெஞ்சு முழுக்கக் கன்றிப்போன சின்னச் சின்ன வட்டங்கள். டெல்மாவின் பூட்ஸ் குதிகால் உள்ளங்கை அகலம். இவை எட்டணா அகலம்கூட இல்லை. பெரியவர்கள் செருப்பு அளவில் சில, அதைவிடச் சின்னதாக, நெருக்கி நெருக்கி, ஒரு குழந்தை குதித்து விளையாடியது போலச் சில.

மிஸஸ் கார்லைல் புல்லில் உட்கார்ந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்களுக்கு இந்த வேலை வேண்டாம்," என்றாள் டெல்மா. "அந்த அறைக்குப் பொம்பளைங்க யாரும் போகக் கூடாது. கூடத்துப் பேர்ப் பலகையை இன்னிக்கே கழட்டுங்க. அவர் பேரு என்னன்னு தேடி எழுதின பிறகு மாட்டுங்க. மண்டேன்னு எழுதினீங்க, நானே வந்து உடைப்பேன்."

"கமிட்டியில பேசறேம்மா," என்றாள் மிஸஸ் கார்லைல், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "ஆனா டிசம்பர்ல திறப்பு விழா. அழைப்பிதழ்லாம் அடிச்சாச்சு. இதெல்லாம் வெளிய தெரிஞ்சா நல்லா இருக்காது, பாரு."

கீழே படுத்து எழுந்து வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முதுகில் அந்த மண் இன்னும் ஒட்டியிருந்தது.  டெல்மா தம்பியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் நாள் மத்தியானம். டெல்மாவின் வீட்டில் அமோஸ் மேஜைமுன் உட்கார்ந்து சோறும் டின் மாட்டுக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எலும்பு முறிவு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஃபோன் அடித்தது.

"டெல்மா, நான்தான் மிஸஸ் கார்லைல்." குரல் கம்மியிருந்தது. "அவரு நடக்கறாரும்மா."

"அங்க எதுக்குப் போனீங்க? போகாதீங்கன்னுதானே சொன்னேன்?"

"அங்க போகல. நான் என் வீட்லதான் இருக்கேன்." மூச்சு வாங்கியது. "செங்கல் வீடும்மா. மாடியே கிடையாது. மேல வெறும் தகரம்தான். ஆனா பலகைமேல நடக்கற சத்தம் கேக்குது. சமையல்கட்டுக்குப் போனா அங்க வராரு. குளிக்கப் போனா அங்க வராரு. படுத்தா..." அழுதாள். "படுத்தா மேலயே நிக்கறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"பேர்ப் பலகையைக் கழட்டினீங்களா?"

"திறப்பு விழா முடிஞ்சதும்..."

அப்போது ஃபோன் வழியே டெல்மாவுக்கும் கேட்டது. வெறும் பாதம். மரம் நெரிகிற சத்தம். ஓரடி, இன்னோரடி. பிறகு நின்றது.

"இப்ப நேரா என் தலைக்கு மேல நிக்கறாரு டெல்மா," என்று கிசுகிசுத்தாள் மிஸஸ் கார்லைல்.

"நிக்கட்டும்," என்றாள் டெல்மா.

ஃபோனை வைத்துவிட்டு வந்து, தம்பி தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள்.